அரூப ஓவியம் எங்கிருந்து தொடங்குகிறது?

1911 ஜனவரி 2ஆம் தேதி ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஒரு கச்சேரி நடந்தது. வியன்னாவைச் சேர்ந்த ஆர்னால்ட் ஷோன்பெர்க்கின் இசை. பழகிய சுர ஒழுங்குக்குள் நிற்காத இசை அது. கேட்க வந்தவர்களில் வாசிலி கான்டின்ஸ்கி என்ற ரஷ்ய ஓவியரும் ஒருவர். கேட்ட கையோடு கரித்துண்டால் கோட்டுப் படம் போட்டுப் பார்த்தார். அதில் பியானோ தெரிகிறது, சுற்றி உட்கார்ந்திருக்கும் ஆட்கள் தெரிகிறார்கள். பிறகு அதையே எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். 'இம்ப்ரெஷன் 3 (கச்சேரி)' என்று பெயர். இப்போது மியூனிக்கின் லென்பாக்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இணையத்தில் தேடினால் படம் கிடைக்கும். முடிந்தால் அதைத் திறந்து வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் கண்ணில் அடிப்பது மஞ்சள். படத்தின் பெரும்பகுதியை அதுவே பிடித்துக்கொண்டிருக்கிறது. மேலே கறுப்பாக ஒரு பெரிய வடிவம். இடப்பக்கம் வளைந்த கோடுகளும் பல நிறத் திட்டுகளும். கறுப்பு வடிவம் பியானோ என்று தெரிந்த பிறகு அந்தத் திட்டுகளும் வளைவுகளும் குனிந்து கேட்கும் கூட்டமாக மாறிவிடுகின்றன. மஞ்சளுக்கு மட்டும் அரங்கில் ஈடான பொருள் எதுவும் கிடையாது. அது ஓவியர் கேட்ட ஒலி.

அரூப ஓவியத்தைப் புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு நான் எப்போதும் முதலில் காட்டுவது இந்தப் படத்தைத்தான். ஏனென்றால் இதில் பாதிக் கதவு திறந்திருக்கிறது. பொருள்கள் முழுதாகப் போய்விடவில்லை. போய்க்கொண்டிருக்கின்றன. போகிற இடத்தில் நிறம் வந்து உட்கார்வதை நேரில் பார்க்கலாம்.

எளிமையாகச் சொன்னால், பார்த்த பொருளைப் பார்த்தபடியே திரும்பக் காட்டும் பொறுப்பை விட்டுவிட்டு, நிறம், கோடு, வடிவம், வண்ணப்பூச்சின் தடிமன், இடைவெளி ஆகியவற்றை மட்டும் வைத்து வேலை செய்கிற ஓவியம் அரூப ஓவியம். இதற்குள் வர இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, ஏதோ ஒரு பொருளில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே போவது. இன்னொன்று, எந்தப் பொருளும் இல்லாமல் ஒரு கோட்டிலோ சதுரத்திலோ நேரடியாக ஆரம்பிப்பது. இரண்டிலும் ஓவியர் செய்யும் வேலை ஒன்றுதான்: எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று முடிவெடுப்பது. இந்த முடிவுகள் வேலைக்கு முன்னால் வருவதில்லை, வேலை நடந்துகொண்டிருக்கும்போதுதான் வருகின்றன. அரூப ஓவியத்தையும் படைப்புத் தூண்டுதலையும் பற்றி எனக்குச் சொல்லத் தெரிந்ததெல்லாம் இதற்குள் அடங்கிவிடும். மீதி உதாரணங்கள்.

முதல் வழிக்கு டச்சு ஓவியர் பியட் மோந்திரியானைவிட நல்ல உதாரணம் இல்லை. சிவப்பு, மஞ்சள், நீலக் கட்டங்களுக்கு நடுவே கறுப்புக் கோடுகள் ஓடும் அவருடைய படங்களைச் சட்டையிலும் பையிலும் அச்சிட்டே நமக்குப் பழக்கிவிட்டார்கள். அவர் அங்கே போய்ச் சேர ஒரு மரம் தேவைப்பட்டது. 1908 வாக்கில் ஒரு மரத்தைச் சிவப்பும் நீலமுமாகத் தீட்டினார். நிறம் விசித்திரமாக இருந்தாலும் அது மரம் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. 1911இல் சாம்பல் நிறத்தில் இன்னொரு மரம். இதில் கிளைகள் வளைவுகளாகிவிட்டன, கிளைகளுக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்துக்கும் கிளை அளவுக்கே கனம் வந்துவிட்டது. 1912இல் பூத்த ஆப்பிள் மரம். தலைப்பைப் படிக்காவிட்டால் மரம் என்று சொல்ல முடியாது. அப்புறம் வளைவுகளும் போய்விட்டன. 1920களின் தொடக்கத்தில் நேர்க்கோடும் அடிப்படை நிறங்களும் மட்டும் மிஞ்சின. இந்தப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு மனிதர் பத்து வருஷத்துக்கும் மேலாக ஒவ்வொன்றாக எதை விட்டார் என்பது தெரியும். கடைசிப் படத்தை மட்டும் பார்க்கிறவர்கள்தான் "இதில் என்ன இருக்கிறது, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறார்" என்கிறார்கள்.

இரண்டாவது வழிக்குக் காஸிமிர் மாலெவிச்சின் கறுப்புச் சதுரம். 1915 டிசம்பரில் ரஷ்யாவின் பெத்ரோகிராத் நகரில் நடந்த கண்காட்சியில் வைக்கப்பட்டது. சுவரின் நடுவில் அல்ல, அறையின் மேல் மூலையில். ரஷ்ய வீடுகளில் சாமிப் படம் வைக்கும் இடம் அது. வெள்ளைப் பின்னணியில் ஒரு கறுப்புச் சதுரம், கிட்டத்தட்ட 80 சென்டிமீட்டர் பக்கம், அவ்வளவுதான். 2015இல் மாஸ்கோவின் திரெத்யகோவ் அருங்காட்சியக ஆய்வாளர்கள் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது கறுப்புக்கு அடியில் வேறு இரண்டு வண்ண அமைப்புகள் புதைந்திருப்பது தெரிந்தது. ஆகவே பொருளே இல்லாமல் தொடங்கிய படத்துக்கு அடியிலும் கைவிடப்பட்ட படங்கள் இருக்கின்றன.

"சரி, இதற்கு அர்த்தம் என்ன?" என்ற கேள்வி அடுத்து வரும். அரை மணி நேரம் தோடி ஆலாபனை கேட்டுவிட்டு வருகிறவரிடம் "அதற்கு என்ன அர்த்தம்?" என்று யாரும் கேட்பதில்லை. அதில் சொல்லே இல்லை என்பது யாரையும் உறுத்துவதும் இல்லை. கான்டின்ஸ்கி இசையிடமிருந்து எடுத்துக்கொண்டதும் இந்தச் சுதந்திரத்தைத்தான். தன் படங்களுக்கு 'இம்ப்ரெஷன்', 'இம்ப்ரொவைசேஷன்', 'கம்போசிஷன்' என்று இசைவாடையோடு பெயர் வைத்து எண் கொடுத்தார்.

அவர் சொன்ன இரண்டு சம்பவங்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. மாஸ்கோவில் சட்டம் படித்து முடித்திருந்தவர், ஒரு கண்காட்சியில் பிரெஞ்சு ஓவியர் மோனேயின் வைக்கோற்போர் படத்தைப் பார்க்கிறார். அது வைக்கோற்போர் என்பதே அவருக்குப் புரியவில்லை, பட்டியலைப் புரட்டித்தான் தெரிந்துகொண்டார். முதலில் எரிச்சல். ஆனால் பொருள் என்னவென்று தெரியாத அந்தப் படம் மனதை விட்டுப் போகவில்லை. 1896இல், முப்பது வயதில், சட்டத்தை விட்டுவிட்டு ஓவியம் படிக்க மியூனிக்குக்குப் போனார். இரண்டாவது சம்பவம் பிற்பாடு அங்கே நடந்தது. பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக்குள் நுழைகிறார். சுவரில் சாய்த்து வைத்த, சொல்ல முடியாத அழகோடு ஒளிரும் ஒரு படம். என்னவென்று புரியவில்லை. கிட்டே போனால் அவர் வரைந்த படம்தான், பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. மறுநாள் பகல் வெளிச்சத்தில் அதே படத்தில் அந்த அழகைத் திரும்பப் பிடிக்க முடியவில்லை, பொருள்கள் கண்ணுக்குத் தெரிந்து தொந்தரவு செய்தன என்று எழுதியிருக்கிறார். கதையை அவர் கொஞ்சம் மெருகேற்றியிருக்கலாம். ஆனாலும் படத்தைத் திருப்பி வைத்துப் பார்ப்பது ஓவியக்கூடங்களில் இன்றைக்கும் இருக்கும் வழக்கம். பொருளை மறைத்துவிட்டால் நிறங்கள் ஒன்றோடொன்று சண்டை போடுகின்றனவா, சேர்ந்து நிற்கின்றனவா என்பது சட்டென்று தெரிந்துவிடும்.

அடுத்த குற்றச்சாட்டு: "என் பிள்ளைகூட இதை வரைவான்." இதற்குக் கோபப்படத் தேவையில்லை, நியாயமான சந்தேகம். 2011இல் பாஸ்டன் கல்லூரியின் உளவியலாளர்கள் இருவர் இதைச் சோதித்தார்கள். பெயர்பெற்ற அரூப ஓவியரின் படம் ஒன்று, குழந்தையோ விலங்கோ தீட்டிய படம் ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது மேல் என்று கேட்டார்கள். சில ஜோடிகளில் பெயர்ச்சீட்டை வேண்டுமென்றே மாற்றியும் வைத்தார்கள். ஓவியம் படிக்காதவர்கள்கூடக் குருட்டாம்போக்கில் அமைவதைவிட அதிகமான தடவை ஓவியரின் படத்தையே தேர்ந்தெடுத்தார்கள். எல்லா முறையும் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகளின் படத்தில் நிறம் பிரமாதமாக இருக்கும். தாள் நிரம்பியதும், அல்லது சாப்பிடக் கூப்பிட்டதும், அது முடிந்துவிடும். ஓவியர் நிறுத்தும் இடத்துக்கு வேறு காரணம் இருக்கிறது.

இதே குற்றச்சாட்டின் இன்னொரு வடிவம், "வரையத் தெரியாதவர்கள்தான் இந்தப் பக்கம் போவார்கள்" என்பது. தமிழ் வாசகர்களுக்கு இதற்குப் பதில் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது. துறையூர்ப் பக்கம் கீராம்பூரில் பிறந்த கே.எம். ஆதிமூலத்தின் கோடுகளைச் சிறுபத்திரிகை அட்டைகளிலும் இலக்கியப் புத்தகங்களிலும் ஒரு தலைமுறையே பார்த்து வளர்ந்தது. காந்தி நூற்றாண்டை ஒட்டி அவர் வரைந்த காந்தி கோட்டோவிய வரிசையில் சில கோடுகளிலேயே ஆள் எழுந்து நடப்பார். அப்படிப்பட்ட கை உள்ளவர்தான் பிற்காலத்தில் எண்ணெய் வண்ணத்தில் முழு அரூபத்துக்குப் போனார். நிலமும் வானமும் இருப்பதுபோல் ஒரு சாயல் இருக்கும், ஆனால் அது எந்த ஊர் நிலமும் இல்லை. அங்கே கோடே கிடையாது, வெறும் நிறப்பரப்பு. தனக்கு மிக நன்றாக வந்த ஒன்றை அவர் ஒதுக்கி வைத்தார். அதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

இனி தூண்டுதல் விஷயம். "மூட் வந்தால்தான் வரைவீர்களா?" என்று கேட்கிறார்கள். ஆளுக்கு ஆள் வேறு மாதிரிதான்.

சுவீடனைச் சேர்ந்த ஹில்மா அஃப் கிளின்ட் ஒரு கோடியில் நிற்கிறார். கான்டின்ஸ்கிக்கும் முன்பே, 1906இல், அரூப ஓவியம் தொடங்கிவிட்டவர். 1915 வரை 193 படங்கள் கொண்ட ஒரு வரிசையை உருவாக்கினார். ஆவிகள் தன் வழியாகத் தீட்டுவதாக நம்பினார். தான் இறந்து இருபது வருஷம் ஆகும்வரை இவற்றைக் காட்டக் கூடாது என்றும் சொல்லிவைத்தார். 1944இல் இறந்தார், 1986இல்தான் உலகம் பார்த்தது. 2018இல் நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகம் நடத்திய அவருடைய கண்காட்சிக்கு அங்கே அதுவரை வராத அளவு கூட்டம் வந்தது. ஆவி விஷயத்தை நான் நம்பவில்லை. ஆனால் அவருடைய குறிப்பேடுகளைப் பார்த்தால், நிறங்களுக்கும் குறிகளுக்கும் அகராதி போட்டு, ஒழுங்காக வேலை செய்த ஒரு ஓவியர்தான் தெரிகிறார்.

இந்த இடத்தில் சென்னைக்காரர்களுக்கு ஒரு சமாச்சாரம். அஃப் கிளின்ட், மோந்திரியான் இருவரும் பிரம்மஞான சபையின் (தியோசாபிகல் சொசைட்டி) உறுப்பினர்கள். மோந்திரியான் 1909இல் சேர்ந்தார். கான்டின்ஸ்கி உறுப்பினர் இல்லை, ஆனால் 1911 கடைசியில் வெளியிட்ட தன் கலைக் கொள்கை நூலில் அந்தச் சபையைப் பற்றி மதிப்போடு எழுதியிருக்கிறார். சபையின் தலைமையகம் 1882 முதல் நம் அடையாறு. சபையைச் சேர்ந்த அன்னி பெசன்டும் லெட்பீட்டரும் சேர்ந்து எழுதிய ஒரு புத்தகத்தில் கோபம், பக்தி, பயம் ஒவ்வொன்றுக்கும் நிறமும் வடிவமும் கொடுத்துப் படம் போட்டிருந்தார்கள். அதை இப்போது பார்த்தால் அரூப ஓவியங்களின் தொகுப்பு போலவே இருக்கும். கண்ணுக்குத் தெரியாததற்கும் உருவம் உண்டு என்ற எண்ணம் அந்தக் காலத்து ஐரோப்பிய ஓவியர்களிடம் பரவியதில் அடையாற்றுக்கும் பங்கு இருக்கிறது.

கான்டின்ஸ்கியின் 'கம்போசிஷன் 7' இரண்டு மீட்டர் உயரம், மூன்று மீட்டர் அகலம். 1913 நவம்பர் 25 முதல் 28 வரை, நான்கே நாளில் தீட்டினார். உடன் வாழ்ந்த ஓவியர் கேப்ரியேல் முன்டர் படம் வளர்வதைப் புகைப்படமும் எடுத்து வைத்தார். நான்கு நாள் என்றதும் ஏதோ அருள் வந்து ஆடியதுபோல் தோன்றும். அதற்கு முன்னால் முப்பதுக்கும் மேற்பட்ட முன்வரைவுகள் இருக்கின்றன, பென்சிலிலும் நீர்வண்ணத்திலும் எண்ணெயிலும். ஒரே ஒரு வளைவை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்த தாள்களும் அவற்றில் உண்டு.

எதிர்க் கோடியில் நம் வி.எஸ். காய்தோண்டே. 1924இல் நாக்பூரில் பிறந்தவர், மும்பை ஜே.ஜே. கலைப் பள்ளியில் படித்தவர், ஜென் தத்துவத்தில் ஆழ்ந்தவர். வருஷத்துக்கு ஐந்தாறு படம்தான் செய்வார். மற்ற நேரமெல்லாம் சும்மா உட்கார்ந்திருப்பார் என்று பழகியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மும்பையில் அவர் வேலை செய்த இடத்திலிருந்து கடல் தெரியும். தூரிகையைவிட ரோலரும் வண்ணம் குழைக்கும் கத்தியும்தான் அவருக்கு அதிகம் பயன்பட்டன. வண்ணத்தை மெல்லிசாக உருட்டுவார், காகிதத்தை வெட்டி ஈர வண்ணத்தின் மேல் ஒற்றி எடுப்பார், மறுபடி உருட்டுவார். அதனால் அவருடைய படத்தில் நிறம் மேலே பூசினதுபோல் இருக்காது, உள்ளிருந்து கசிவதுபோல் இருக்கும். 2013இல் அவருடைய படம் ஒன்று மும்பையில் 23.7 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. செய்தித்தாள்களுக்கு அவர் பெயர் அப்போதுதான் தெரிந்தது. எனக்கு அந்தத் தொகையைவிட அந்த ஐந்தாறு என்ற எண்ணிக்கைதான் பெரிய செய்தி.

பரோடாவில் பாடம் எடுத்த நஸ்ரீன் மொஹமதி பொறியியல் வரைபடக் கருவிகளை வைத்து, பென்சிலாலும் மையாலும் கோடு மட்டும் போட்டவர். அவர் எடுத்த புகைப்படங்களில் தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூல்கள், தரையில் விழும் நிழல்கள், பாலைவனம் எல்லாம் வருகின்றன. உயிரோடு இருந்தவரை அந்தப் புகைப்படங்களை அவர் காட்சிக்கு வைக்கவில்லை. அவரைப் பொறுத்தவரை அவை பார்த்ததைக் குறித்துக்கொள்ளும் குறிப்புகள் மாதிரி.

சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கருக்கு 1963 வாக்கில் ஒரு கணித மாணவனின் நோட்டுப் புத்தகப் பக்கம் கண்ணில் பட்டது. எண்களும் எழுத்துகளும் வரைவடிவங்களுமாக நிறைந்த பக்கம். அதிலிருந்தும் ஜாதகக் கட்டங்களிலிருந்தும் அவருடைய 'சொற்களும் குறிகளும்' வரிசை பிறந்தது. அந்தப் படங்களில் எழுத்துபோல் தெரிவதை வாசிக்க முடியாது. ஒரு நோட்டை எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள். பல வருஷமாக இந்தியத்தன்மை உள்ள ஒரு நவீன ஓவியத்தைத் தேடிக்கொண்டிருந்த ஒருவர் பார்த்ததால் அது தூண்டுதலாயிற்று.

என் அனுபவமும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. மரக்காணம் உப்பளங்களைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போதெல்லாம் பார்ப்பேன். வெள்ளைப் பாத்தி, பழுப்பு வரப்பு, வானம் விழுந்த தண்ணீர். அதைத் தீட்ட உட்கார்ந்தால் முதலில் கட்டங்கள்தான் வரும், பார்க்க அழகாக, மேலிருந்து எடுத்த புகைப்படம்போல. அழகாக இருப்பதுதான் அங்கே சிக்கல். நான் உண்மையில் நின்று பார்த்தது கட்டத்தை இல்லை, தண்ணீர் உப்பாக மாறும் அந்த ஓரத்தை. அங்கே ஈரமும் இல்லை, உலர்வும் இல்லை. அதைக் கண்டுகொண்டதுகூடக் கட்டங்களை அழித்துச் சுரண்டியபோதுதான். கத்தி போன இடத்தில் அடிவண்ணம் பொருக்கு பொருக்காகத் தெரிந்தது. அப்புறம் பாத்தி, வரப்பு எதுவும் வேண்டியிருக்கவில்லை. இப்போது அந்த வரிசையைப் பார்ப்பவர்கள் யாரும் உப்பளம் என்று சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்று நானும் எதிர்பார்ப்பதில்லை. சிலர் பழைய சுண்ணாம்புச் சுவர் என்கிறார்கள், அது ரொம்பவும் சரி.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அரூபம் என்ற பெயரில் வெறும் பகட்டும் நிறையவே இருக்கிறது. ஹோட்டல் வரவேற்பறைகளில், சோபாவின் நிறத்துக்குப் பொருத்தமாகத் தங்க நிறத்தைத் தெளித்து மாட்டியிருப்பார்களே, அதில் எந்த முடிவும் எடுக்கப்பட்டிருக்காது. எங்கே தொட்டாலும் ஒரே சுவை. பார்த்த உடனே பிடிக்கும், இரண்டாம் முறை பார்க்க ஒன்றும் இருக்காது. அதைப் பிடிக்கவில்லை என்று சொல்ல யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. பெரிய பெயர் உள்ளவர்களின் படமும் பிடிக்காமல் போகலாம். எனக்கு இந்திய ஓவியர் எஸ்.எச். ரஸாவின் பிற்கால பிந்துப் (வட்டப் புள்ளி) படங்களில் பலவற்றைவிட, பிரான்ஸுக்குப் போன புதிதில் அவர் தீட்டிய நிலக்காட்சிகளும் அதற்கடுத்த கொதிக்கும் நிறப்படங்களும்தான் பிடிக்கும்.

எப்படிப் பார்ப்பது? போனில் பார்த்து முடிவு கட்டாதீர்கள். அஃப் கிளின்டின் 'பத்துப் பெரும் படங்கள்' ஒவ்வொன்றும் மூன்று மீட்டருக்கு மேல் உயரம். நஸ்ரீனின் கோட்டுத் தாள் கையில் எடுத்துப் பார்க்கும் அளவு. போன் திரையில் இரண்டும் ஒரே அளவுக்குச் சுருங்கிவிடும். நேரில் போனால் தலைப்புச் சீட்டைக் கடைசியில் படியுங்கள். முதலில் கண் எங்கே போனது, அங்கிருந்து எங்கே நகர்ந்தது என்று கவனியுங்கள். கிட்டே போய் வண்ணம் கனமா மெல்லிசா, எது எதன் மேல் ஏறியிருக்கிறது, ஓரத்தில் அடிநிறம் எட்டிப் பார்க்கிறதா என்று பாருங்கள். ஓரங்களில் நிறைய ரகசியம் வெளியே வந்துவிடும், ஓவியர்கள் அங்கே கொஞ்சம் அசந்துவிடுவார்கள். ஈஞ்சம்பாக்கத்தில் பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966இல் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் இதற்கு நல்ல இடம். அந்தத் தலைமுறையின் படங்களை அங்கே ஒரே கூரையின் கீழ் பார்க்கலாம். அங்கிருந்து கிளம்பி ஒரு நாள் பெங்களூரின் தேசிய நவீன ஓவியக்கூடத்துக்கும் போய் வரலாம்.

நீங்களே செய்து பார்க்க ஆசைப்பட்டால் பெரிய செலவு வேண்டாம். வெள்ளை, கறுப்பு, இன்னும் ஒரே ஒரு நிறம், மூன்று அக்ரிலிக் டியூப். தடித்த காகிதம். ஒரு பழைய ஏடிஎம் கார்டு, வண்ணத்தை இழுக்கவும் சுரண்டவும். வீட்டில் தினம் பார்க்கும் ஒரு பொருளை, துருப்பிடித்த கேட்டோ மழைக்கறை படிந்த மதிலோ, முதல் தாளில் தெரிகிறபடி வரையுங்கள். அடுத்த தாளில் அதிலிருந்து ஒன்றை எடுத்துவிடுங்கள். நிழலை எடுக்கலாம், வெளிக்கோட்டை எடுக்கலாம். மூன்றாவதில் இன்னொன்று. ஏழெட்டுத் தாள் ஆனதும் எல்லாவற்றையும் தரையில் பரப்பி, எந்தத் தாளில் சுவாரசியம் போய்விட்டது என்று பாருங்கள். அதற்கு முந்தைய தாளை எடுத்துக்கொண்டு, அங்கிருந்து வேறு ஒன்றை விட்டுப் பாருங்கள்.